எதைப் படிப்பிப்பது, எதை விடுவது?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்து, உயர்தர வகுப்பிற்குப் பிள்ளைகள் பாடந் தெரிகின்ற நாட்களில், எமது கல்லூரி அலுவலகத்தின் முன்னாலுள்ள வாங்கு ஒருபோதும் வெறுமையாய் இருப்பதில்லை. வத்தேகம கடைவீதியிலிருந்து வருவோரும் உளர். மேலே தோட்டங்களிலிருந்து அன்றைய பேரை விட்டுவிட்டு இறங்கி வருவோரும் உளர். கலைப்பிரிவுக்கு வரும் பிள்ளைகளிற் பலர் தமிழையும் இந்து நாகரிகத்தையும் தயங்காமல் எழுதிவிட்டு, மூன்றாவது கோட்டின்மேல் பேனையை வைத்துக்கொண்டு நிற்பர். புவியியலா, அரசியல் விஞ்ஞானமா, வரலாறா? வரலாறு என்று எழுதுவோர் சிலரே. எழுதிய சிலரையும் மறுநாள் வீட்டார் அழைத்துவந்து மாற்றுவிப்பதுண்டு.

இம்முறை அந்த வாங்கில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருத்தியை நாம் கண்டவுடனே இனங்கண்டோம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் வரலாறு படித்தவள். இப்போது கண்டியில் ஒரு புடைவைக் கடையில் கணக்கெழுதுகிறாள். தம்பியைச் சேர்ப்பதற்காக வந்திருந்தாள். நலம் விசாரித்து முடிந்ததும், "சேர், தம்பிக்கு வரலாறு எடுக்கத்தான் ஆசை. நான் வேணாங்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும். இப்பவாச்சும் நாப்பத்தெட்டு வரைக்கும் படிச்சுக் குடுக்குறீங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆயினும் எமக்கு அவள் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

அவள் கேட்டதன் பொருளை வாசகர்களுக்குச் சொல்லவேண்டும்.

அவள் படித்த ஆண்டுகளில் நாம் இலங்கை வரலாற்றை அதன் தொடக்கத்திலிருந்தே தொடங்கினோம். தொடக்கத்திலிருந்து தொடங்காமல் வேறெங்கிருந்து தொடங்குவது என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால் நகைத்திருப்போம். ஆதிக் குடியிருப்புகள், பிராமிச் சாசனங்கள், அநுராதபுரத்துக் குளங்கள், பொலன்னறுவையின் பராக்கிரமபாகு என்று வரிசையாகச் சென்றோம். குளங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால் எமக்கு நேரம் போவது தெரியாது. குளத்து நீரின் அமுக்கத்தைத் தணித்து அளவாக வெளியேற்றும் பிசோகொட்டுவையின் அமைப்பைக் கரும்பலகையில் வரைந்து விளக்குவதற்கே இரண்டு பாடவேளைகள் சென்றன. பிள்ளைகளும் விரும்பிக் கேட்டார்கள். நாமும் நன்றாகப் படிப்பிக்கிறோம் என்று மகிழ்ந்திருந்தோம். பின்னர் போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கையில் 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தத்தில் நின்றோம். எஞ்சிய காலம் முழுவதையும் பன்னிரண்டு பக்கக் குறிப்பாகப் பிரதி எடுத்துக் கையிற் கொடுத்து, "வீட்டில் வாசியுங்கள்" என்று சொல்லிவிட்டோம்.

வினாத்தாளில் சுதந்திரத்தை ஒட்டிய காலத்து அரசியலைப் பற்றி ஒரு வினா வந்தது. பரீட்சை முடிந்த அன்று அவள் எம்மிடம் வந்து சொன்ன சொற்களை நாம் மறக்கவில்லை. "எங்க பாட்டியோட தகரப் பெட்டியில இருக்கிற கடுதாசியப் பத்தித்தான் சேர் கேட்டிருந்தாங்க. எனக்கு எழுதத் தெரியல."

அந்தக் கடுதாசி, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் அப்பாட்டி இலங்கைப் பிரசாவுரிமை கோரி விண்ணப்பித்தமைக்குக் கிடைத்த பற்றுச்சீட்டு. அதன் பின்னால் உள்ள கதை நீண்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை எந்நாட்டுக்கும் உரியரல்லாதோர் ஆக்கிற்று. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆந் தேதி சிறீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின்படி, 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. அந்த எச்சத்தை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. முடிவிலே, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோதுதான் மீந்திருந்தோருக்குப் பிரசாவுரிமை கிடைத்தது. ஐம்பத்தைந்து ஆண்டுக் கதை ஒரு கிழவியின் பெட்டிக்குள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நாமோ எமது குறிப்பின் பதினோராம் பக்கத்தில் அதனை மூன்று வரிகளில் முடித்திருந்தோம். அவற்றையும் அவள் வாசித்திருக்கவில்லை என்றால், குற்றம் அவளுடையதன்று.

அவளுக்கு வரலாற்றில் சாதாரண சித்திதான் கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய இசெட் புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்தது. மற்ற இரு பாடங்களிலும் நன்றாகவே செய்திருந்தாள்.

பாடத்திட்டம் பெரிது, காலம் சிறிது என்று சமாதானம் சொல்வது ஆசிரியர்களுக்குப் பழகிப்போன ஒன்று. நாமும் பல ஆண்டு சொல்லிக்கொண்டோம். சென்ற விடுமுறையில் எமது பழைய பதிவுப் புத்தகங்களை எடுத்து எண்ணிப் பார்த்தபோது அச்சமாதானம் பாதி உண்மையென்றே தெரிந்தது. நேரசூசியில் உள்ள பாடவேளைகளில் ஒரு பங்கை விளையாட்டுப் போட்டியும், தவணைப் பரீட்சையும், சரசுவதி பூசையும், மழையில் மண் சரிந்து பஸ் வராத நாட்களும் விழுங்கிவிடுவது மெய்தான். ஆனால் மீந்தவற்றையும் நாம் சமமாகச் செலவிடவில்லை. எமக்குப் பிடித்த நூற்றாண்டுகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு வேண்டிய நூற்றாண்டுக்குக் கையை விரித்திருந்தோம். எல்லாவற்றையும் படிப்பிக்க முடியாதபோது, எதை விடுவதென்று நாம் தீர்மானிக்காவிட்டால், நாட்காட்டி தீர்மானித்துவிடுகிறது. நாட்காட்டி எப்போதும் கடைசியில் உள்ளதையே வெட்டும். கடைசியில் இருந்தவர்கள் இப்பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமார்.

ஆகவே, இவ்வாண்டு புதிய வகுப்புக்குப் பாடத்தைத் திரும்பவும் முதலிலிருந்து ஒழுங்கு செய்வதென்று துணிந்தோம்.

உயர்தர வரலாற்றிலே இலங்கை வரலாறு எல்லோருக்கும் பொதுவானது. அதனோடு சேர்த்துப் படிப்பதற்கு இந்திய வரலாறு, ஐரோப்பிய வரலாறு, நவீன உலக வரலாறு என்ற மூன்றில் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். பிள்ளை தெரிவதாகக் கடதாசியில் இருக்கும். உண்மையிலோ, எதற்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுவே பிள்ளையின் தெரிவு. சிறிய கல்லூரிகளில் ஒரே ஆசிரியர். ஆதலால் ஒரே தெரிவு.

இந்நாட்டிலே வரலாற்றுப் பாடத்தைத் தெரிந்த கைகள் பல. ஆங்கிலேயர் காலத்தில் எமது மாணவர்கள் கேம்பிரிட்ஜ், லண்டன் பரீட்சைகளுக்காக இங்கிலாந்து மன்னர்களின் பெயர்களை மனனஞ் செய்தார்கள். ஜி. சி. மெண்டிஸ் 1932இல் இலங்கையின் ஆதி வரலாற்றை எழுதியபோது, சொந்த நாட்டின் வரலாற்றைப் பள்ளியில் ஒழுங்காகப் படிப்பதற்கு ஒரு நூல் கிடைத்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிப் பின்னர் பேராதனைக்கு வந்தது. வத்தேகமப் பிள்ளைகளுக்கு அது பஸ் ஏறிப் போகும் தூரத்தில் அமைந்தது. 1972இல் கீழ்வகுப்புகளில் வரலாறு தனிப்பாடம் என்ற நிலையை இழந்து, சமூகக் கல்வி என்ற கலவைக்குள் கரைந்தது, பிற்காலத்திலே மீண்டது. உயர்தரத்தில் நாம் படித்தபோது நான்கு பாடங்கள். 2000ஆம் ஆண்டு தொடக்கம் மூன்று. நான்காவது பாடம் போனபோது, வரலாற்றை ஒரு துணையாக எடுத்துவந்த பிள்ளைகளும் போய்விட்டார்கள் என்பது எமது எண்ணம்.

எமது கல்லூரியில் நெடுங்காலமாக இந்திய வரலாறே படிப்பிக்கப்பட்டு வந்தது. ஏனென்று நாம் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் அச்சான நூல்கள் கொழும்புக் கடைகளிலும் கண்டிக் கடைகளிலும் கிடைக்கும். அதுவே காரணம் போலும். எம்முடன் படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் இம்முறை அதனை எதிர்த்தார். அவருடைய வாதம் வலிமையானது. "இந்தப் பிள்ளைகளின் அண்ணன்மார் கட்டாரிலும் துபாயிலும் வேலை செய்கிறார்கள். தோட்டத்துத் தேயிலையின் விலை வெளிநாட்டுச் சந்தையைப் பொறுத்தது. எண்ணெய் நெருக்கடியும் பனிப்போரும் தெரியாத பிள்ளைக்கு அசோகச் சக்கரவர்த்தியைத் தெரிந்து என்ன பயன்?" என்று அவர் கேட்டார். நவீன உலக வரலாற்றையே எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

மூத்த ஆசிரியர் ஒருவர் ஐரோப்பாவின் பக்கம் நின்றார். இந்நாட்டை நான்கரை நூற்றாண்டு ஆட்டிவைத்தவர்கள் ஏன் கப்பலேறினார்கள் என்று தெரியாமல் இலங்கை வரலாறு எவ்வாறு விளங்கும் என்பது அவர் வினா. அதுவும் நியாயந்தான்.

மூன்றாவது ஒரு குரலும் இருந்தது. அது வாங்கிலிருந்து வந்தது. மகனைச் சேர்க்க வந்த ஒரு தகப்பனார், நாங்கள் மூவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வாத்தியார் ஐயா, எல்லாம் நல்லதுதான். எதுல புள்ளி கெடைக்கும்? அத மட்டும் சொல்லுங்க" என்றார். படித்தவர்கள் இத்தகைய கேள்வியைக் கேட்டால் முகஞ்சுளிப்பர். நாம் முகஞ்சுளிக்கவில்லை. அவர் அன்றைய கூலியை இழந்து வந்து நிற்கிறார். மகனுடைய ஒரு பாடத்தின் புள்ளி, அவர் குடும்பம் லயத்தைவிட்டு வெளியேறுமா என்பதைத் தீர்மானிக்கக்கூடியது. இலட்சியத்தைச் சொல்லிப் பிள்ளையின் புள்ளியைக் குறைப்பதற்கு எமக்கு உரிமை இல்லை என்பதை ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருத்தி கற்பித்துவிட்டாள்.

இந்திய வரலாற்றையே வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தோம். ஆனால் இம்முறை நூல் கிடைக்கிறது என்பதற்காக அன்று. பிள்ளை தன் மொழியில் ஐந்து நூல்களை ஒப்பிட்டு வாசிக்கக்கூடிய பாடத்தில்தான் கட்டுரை எழுதப் பழகுவான் என்பது ஒரு காரணம்; புள்ளியும் அங்கேதான் இருக்கிறது. மற்றக் காரணம், கண்டியின் கதையும் தோட்டத்தின் கதையும் பாக்கு நீரிணைக்கு அக்கரையில் தொடங்குகின்றன என்பது. ஐரோப்பாவையும் உலகத்தையும் நாம் முற்றாக விட்டுவிடவில்லை. அவற்றை வேறொரு வாயிலால் உள்ளே கொண்டுவர எண்ணினோம். அந்த வாயில் 1848.

வத்தேகம பஸ் நிலையத்திலிருந்து எல்கடுவைக்கு ஒரு வழி ஏறுகிறது. தேயிலைக்கும் ஏலத்துக்கும் இடையே வளைந்து வளைந்து சென்று அப்பால் மாத்தளையில் இறங்கும். எமது பிள்ளைகளிற் சிலர் தினமும் அந்தப் பஸ்ஸில் வருபவர்கள். 1848 செப்டெம்பர் 21ஆந் தேதி அந்த எல்கடுவையில் மலாயச் சிப்பாய்கள் ஒருவனைப் பிடித்தார்கள். அவன் பெயர் கொங்காலேகொட பண்டா. அதற்கு இரண்டு மாதம் முன்னர் தம்புள்ளையிலே கண்டியரசனாக முடிசூட்டப்பட்டவன். அவனுடைய தோழன் புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆந் தேதியே கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டான். பண்டாவுக்கு முதலில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது நூறு கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது.

இதனைச் சொன்னதும், எல்கடுவைப் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்கள் நிமிர்ந்த பின்னர் ஏன் என்று கேட்கலாம். மக்கள் ஏன் எழுந்தார்கள்? தேசாதிபதி டொரிங்டன் பிரபு துவக்குக்கும் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் வரி போட்டான். வீதி வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைக்க வேண்டும், அல்லது பணங் கட்ட வேண்டும் என்றான். ஏன் போட்டான்? அரசாங்கத்தின் வருமானம் விழுந்துவிட்டது. ஏன் விழுந்தது? கோப்பியின் விலை விழுந்தது. ஏன் விழுந்தது? இங்கிலாந்திலே 1847இல் வர்த்தக நெருக்கடி. இவ்வாறு நான்கு 'ஏன்' கேட்டால் எல்கடுவையிலிருந்து இலண்டனுக்குப் போய்விடலாம். போன இடத்தில், அதே 1848இல் பாரிசிலும் வியன்னாவிலும் பேர்லினிலும் மக்கள் வீதிக்கு இறங்கியதையும் பார்க்கலாம். பிரித்தானியப் பாராளுமன்றம் தெரிகுழு அமைத்து இலங்கைக் கலகத்தை விசாரித்ததையும், 1850இல் டொரிங்டன் திரும்ப அழைக்கப்பட்டதையும் சேர்த்துச் சொன்னால், மூத்த ஆசிரியர் கேட்ட ஐரோப்பா வகுப்புக்குள் வந்துவிடுகிறது. அடுத்து ஆயுள் முழுதும் மறவாத ஒரு பயனும் உண்டு: காரணம் என்பது ஒன்றன்று, அடுக்கடுக்காய் இருப்பது என்று பிள்ளை அறிகிறான். கட்டுரை வினாவிற்கு வேண்டியதும் அதுவே.

இனி, மறுபக்கம். அந்தக் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் எங்கிருந்து வந்தது? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வந்த தமிழ்க் கூலிகள். கொலரா நோயால் வழியில் மடிந்தவர் பலர். தம்புள்ளையில் பண்டாவுக்கு முடிசூட்டிய இடமும் அந்த நடைபாதையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. சென்ற ஆண்டு இதைப் படிப்பித்தபோது ஒரு மாணவன், "அப்போ சேர், நடந்து வந்தவங்க அந்த ராஜாவப் பாத்திருப்பாங்களா?" என்று கேட்டான். எமக்கு விடை தெரியவில்லை. விடையை எங்கே தேடலாம் என்று ஒரு பாடவேளை முழுதும் பேசினோம். தேசாதிபதியின் கடிதங்கள் ஒரு பக்கத்தைச் சொல்லும். விசாரணைச் சாட்சியங்கள் இன்னொரு பக்கத்தைச் சொல்லும். நடந்து வந்தவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. மூலாதாரம் என்ற சொல்லுக்கு ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள வரைவிலக்கணத்தை அதற்குப் பின்னர் நாம் எழுதிப் போட வேண்டியிருக்கவில்லை.

வத்தேகம புகைவண்டி நிலையமும் எமக்குத் துணை செய்கிறது. மாத்தளைப் பாதை திறக்கப்பட்டது 1880இல். கோப்பியை ஏற்றிச் செல்வதற்கென எண்ணிய பாதை. ஆனால் 1869இலேயே கோப்பி இலையில் நோய் கண்டு, புகைவண்டி வந்து சேர்ந்தபோது கோப்பி சாகக் கிடந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலையே பின்னர் வண்டிகளை நிரப்பிற்று. அந்த மாற்றத்துக்கு நிரந்தரமாய்த் தங்கும் தொழிலாளர் வேண்டியிருந்தனர். கோப்பிக்குப் பருவத்தில் வந்து பருவத்தில் திரும்பலாம்; கொழுந்து ஆண்டு முழுதும் துளிர்ப்பது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தை இந்திய வரலாற்றிலே படித்த பிள்ளை, தன் குடும்பம் ஏன் கடல் கடந்தது என்பதை இங்கே இலங்கை வரலாற்றிலே படிக்கிறான். இரு பகுதிகளும் தனித்தனிப் புத்தகங்களாக இருப்பது அச்சகத்தின் வசதிக்காக மட்டுமே.

இன்னொரு முடிச்சும் உண்டு. மதுரை நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்தது. மூன்று ஆண்டு கழித்து 1739இல் கண்டிச் சிம்மாசனத்தில் ஒரு நாயக்கர் அமர்ந்தார். அவருக்குப் பின் வந்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்திலே 1753இல் சீயத்திலிருந்து பிக்குகள் வந்து, இந்நாட்டில் அற்றுப்போயிருந்த உபசம்பதாவை மீட்டுத் தந்தார்கள். தென்னிந்தியச் சைவக் குடியிற் பிறந்த அரசன் பௌத்தத்தைப் புதுப்பித்த கதை இது. அம்மரபின் இறுதி அரசன் சிறீ விக்கிரம இராசசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆந் தேதி மெதமஹநுவரப் பக்கத்தில் அகப்பட்டான். அதுவும் எமது தும்பறைதான். மார்ச் 2ஆந் தேதி கண்டி ஒப்பந்தம். அதில் பிரதானிகள் சிலர் தமிழெழுத்துக் கலந்து கையொப்பமிட்டிருப்பதைப் படமாகக் காட்டினால், வகுப்பிலே சிறிது நேரம் ஒருவரும் பேசுவதில்லை. அரசனை வேலூருக்கு அனுப்பினார்கள். 1806இல் சிப்பாய்கள் கிளர்ந்த அதே வேலூர். அங்கேயே 1832இல் இறந்தான். இந்திய வரலாற்றுப் புத்தகத்தில் வேலூர் வரும்போது எமது பிள்ளைகளுக்கு அது அயலூர் போலத் தோன்றும்.

பொலன்னறுவையையும் குளங்களையும் கைவிட்டு விட்டோமா என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லை. ஆனால் அவற்றை இப்போது கேள்வியோடு அணுகுகிறோம். மகாவமிசம் சொல்வதையும் கல் சொல்வதையும் அருகருகே வைக்கிறோம். அநுராதபுரத்துத் தமிழ் வணிகரின் பிராமிச் சாசனம், தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் பொலன்னறுவையில் தமிழிலே பொறித்த சாசனம், 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிக் கல் ஆகிய மூன்றும் எமக்குப் போதும். தமிழ் அறிந்த பிள்ளைக்கு இவற்றில் தனி உரிமை உண்டு. பிசோகொட்டுவைக்கு இப்போது அரைப் பாடவேளைதான். இதனை எழுதும்போது எமக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

இம்முறை தவறே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. முதலில் சோதித்த ஆண்டிலே நன்றாகச் சறுக்கினோம். நடுவிலே தொடங்கி, பின்னே சென்று, மறுபடியும் முன்னே வந்ததில் பிள்ளைகள் வழி தவறினார்கள். தவணைப் பரீட்சையில் ஒருவன் புரன் அப்பு போர்த்துக்கேயரோடு போரிட்டு வீரமரணம் அடைந்ததாக மிக அழகான நடையில் எழுதியிருந்தான். இன்னொருத்தி 1848இலே பிரசாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டாள். மூத்த ஆசிரியர் விடைத்தாளைக் கையில் எடுத்து, "முந்தியது முந்தியும் பிந்தியது பிந்தியும் வரவேண்டும் என்று நம் முன்னோர் வைத்தது வீணுக்கல்ல" என்றார். நாம் மறுக்கவில்லை. அதற்கு மருந்தாக, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறங்களை ஒட்டி, வகுப்பறைச் சுவர் மூன்றையும் சுற்றி ஒரு காலக்கோடு இழுத்தோம். ஒரு நூற்றாண்டுக்கு ஒரு முழம். எதைப் படித்தாலும் அன்றே ஒரு பிள்ளை எழுந்து சென்று அதன் முழத்தில் எழுதவேண்டும். கடைசி இரு முழத்திலும் இடமில்லாமல் எழுத்து நெருங்கிப்போய், மேலே துண்டுத்தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. ஒருமுறை அந்தப் பாட்டியின் பற்றுச்சீட்டைப் போன்ற இன்னொன்றை ஒரு மாணவன் வீட்டிலிருந்து கொண்டுவந்து, சுவரில் ஒட்டட்டுமா என்று கேட்டான். அசலை ஒட்டவேண்டாம், பிரதி எடுத்து ஒட்டு, அசலைப் பாட்டியிடமே கொடு என்றோம்.

உயர்தரத்துக்கு வரலாறு எடுக்க எண்ணியிருக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். பாடத்தைத் தெரியுமுன் உங்கள் ஆசிரியரிடம் சென்று, சென்ற ஆண்டு எவ்விடத்தில் தொடங்கி எவ்விடத்தில் முடித்தீர்கள் என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்தாலும் குற்றமில்லை; வீட்டுக்குப் போய் யோசிப்பார்.

பெண்ணுக்கு நாம் என்ன விடை சொன்னோம் என்றால், நேரசூசியின் வரைவை எடுத்து அவள் முன் வைத்தோம். முதற்றவணையில் 1848உம் அதற்கு முன்பின்னும், அடுத்து கண்டியிராச்சியம், பின்னர் அநுராதபுரம், பொலன்னறுவை, இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், பரீட்சைப் பரபரப்பு வருமுன்னரே, 1931இன் சர்வசன வாக்குரிமையிலிருந்து 2003 வரை. அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கணக்கெழுதும் பழக்கம் போலும். 1948 என்ற இடத்தில் விரல் நின்றது. "பதினாலு பாடவேளை போட்டிருக்கீங்க" என்றாள். தம்பியின் பக்கம் திரும்பி, "எழுதுடா" என்றாள். அவன் மூன்றாவது கோட்டில் வரலாறு என்று எழுதினான்.

பிறகு அவளே நேரசூசியை மறுபடி மேலிருந்து பார்த்துவிட்டு, "சேர், ஒல்லாந்தரக் காணோமே" என்றாள். பார்த்தோம். உண்மைதான். நூற்று நாற்பது ஆண்டு ஆண்டவர்களை எங்கேயும் போடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விட்ட பின்னர் இரண்டு பாடவேளை தரும்படி அதிபரிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம்.